ஸ்க்ரோல் செய்யச் செய்யத் துலங்கும் படங்கள்: சிஎஸ்எஸ் மட்டும் போதுமா?

கேள்வி: சுவாமிமலையில் உறவினர் ஒருவர் நடத்தும் ஐம்பொன் சிலைப் பட்டறைக்கு இணையதளம் அமைத்து வருகிறேன். மெழுகு உரு, வண்டல் மண் பூச்சு, வார்ப்பு, உளி வேலை ஆகிய படங்கள், பக்கத்தை நகர்த்த நகர்த்த ஒவ்வொன்றாகத் தோன்ற வேண்டும். ஆனால், பக்கம் திறந்ததுமே அனிமேஷன் ஓடி முடிந்துவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முடியும். இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியே இதற்குப் போதும். சாதாரண அனிமேஷன் கடிகாரத்தை நம்பி ஓடுவது. ‘அனிமேஷன்-டைம்லைன்’ என்னும் பண்பு கடிகாரத்துக்குப் பதிலாக ஸ்க்ரோலை அதற்கு அளவுகோலாக்குகிறது. அதற்கு ‘ஸ்க்ரோல்()’ என்று மதிப்புக் கொடுத்தால் முழுப் பக்கத்தின் நகர்வும், ‘வியூ()’ என்று கொடுத்தால் அந்தப் படம் திரைக்குள் நுழைந்து வெளியேறும் பயணமும் கணக்கில் வரும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால், ‘அனிமேஷன்’ என்ற சுருக்கப் பண்பை (பல அனிமேஷன் பண்புகளை ஒரே வரியில் தருவது) டைம்லைனுக்குக் கீழே எழுதியிருப்பீர்கள் என்றே தோன்றுகிறது. சுருக்கப் பண்பு டைம்லைனைப் பழைய நிலைக்கே திருப்பிவிடும் என்பதால், டைம்லைன் எப்போதும் அதற்குப் பின்னரே வர வேண்டும். ‘அனிமேஷன்-ரேஞ்ச்’ பண்பில் ‘என்ட்ரி 0% கவர் 40%’ என்று குறித்தால், படம் திரையின் நடுப்பகுதியை எட்டுவதற்குள் முழுமையாகத் துலங்கிவிடும்.

மெழுகுப் படத்தையும் உலோகப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலுள்ள மெழுகை மெல்ல மறையவிட்டும் பாருங்கள். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில்தானே உலோகம் புகுகிறது! இதற்கு 200விஎச் (100விஎச் என்பது திரையின் முழு உயரம்) உயரமுள்ள பகுதிக்குள் 100விஎச் உயரச் சட்டத்தை ‘பொசிஷன்: ஸ்டிக்கி’, ‘டாப்: 0’ என்று நிறுத்தி, ‘வியூ-டைம்லைன்-நேம்’ மூலம் வெளிப்பகுதிக்கு ஒரு பெயர் சூட்டி, மெழுகுப் படத்தின் டைம்லைனாக அந்தப் பெயரையும், ரேஞ்சாக ‘கன்டெய்ன்’ என்பதையும் கொடுக்க வேண்டும். சுற்றியுள்ள பெட்டி எதிலாவது ‘ஓவர்ஃப்ளோ: ஹிடன்’ இருந்தால் ஸ்டிக்கியும் டைம்லைனும் சேர்ந்தே கெடும், அங்கே ‘கிளிப்’ என்று மாற்றுங்கள்.

குரோமில் இவ்வசதி 2023இல் 115ஆம் பதிப்பிலும், சஃபாரியில் 2025இல் 26ஆம் பதிப்பிலும் வந்தது. ஆகவே, படங்களை மறைக்கும் ‘ஒபாசிட்டி: 0’ உட்பட அனைத்தையும், உலாவிக்கு இவ்வசதி தெரியுமா என்று சோதிக்கும் ‘@சப்போர்ட்ஸ்’ நிபந்தனைக்குள்ளேயே எழுதுங்கள். வெளியே எழுதினால், பழைய கைப்பேசியில் பார்க்கும் வாடிக்கையாளருக்குச் சிலையே தெரியாமல் போகும். அசைவைக் குறைக்கும்படி கருவியில் அமைத்திருப்பவர்களுக்காக ‘பிரிஃபர்ஸ்-ரிடியூஸ்டு-மோஷன்: நோ-பிரிஃபரன்ஸ்’ நிபந்தனையையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.