கறிவேப்பிலை லோடு திரும்பி வந்தது: கடைசி மருந்து எப்போது அடித்தீர்கள்?

கேள்வி: காரமடை பக்கம் 2 ஏக்கரில் செங்காம்பு கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். இலை பெரும்பாலும் பாலக்காடு, திருச்சூர் போகிறது. போன அறுப்பில் ஒரு லோடை, மருந்து எச்சம் இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். இனி சோதனை ரிப்போர்ட் இல்லாமல் எடுக்க மாட்டார்களாம். கொழுந்து சுருட்டலுக்கு மருந்துக்கடையில் கொடுக்கும் புரோஃபெனோபாஸ்தான் அடிக்கிறேன். இலை பளபளப்பாகத் தெரிய அறுப்புக்கு ஒரு வாரம் முன்பும் ஒரு தடவை அடிப்பது உண்டு. வேப்பெண்ணெய் கேட்கவில்லை. அறுத்த பிறகு தண்ணீரில் அலசி அனுப்பினால் போதுமா? கேரளாக்காரர்கள் வேண்டுமென்றே செய்கிறார்களா?

பதில்: அலசினால் போகாதுங்க. ஒரு கறிவேப்பிலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் பொடிப் பொடியாக ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். வாசனையே அங்கிருந்துதான் வருகிறது. புரோஃபெனோபாஸ் தண்ணீரைவிட எண்ணெயோடு எளிதில் சேரும் மருந்து. இலைக்குள் இறங்கிவிட்டதைத் தண்ணீர் வெளியே இழுக்காது. கேரளத்து வீடுகளில் புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். அதில் மேலே ஒட்டியிருப்பது ஓரளவு குறையும், அவ்வளவுதான். ஈர இலையைக் கட்டி லாரியில் ஏற்றினால் விடிவதற்குள் கறுத்துப்போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

வேண்டுமென்றே செய்கிறார்களா என்றால், அப்படிச் சொல்லிவிட்டு நகர முடியாது. 2015-இல் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து எச்சம் அதிகம் என்று கேரள உணவுப் பாதுகாப்புத் துறை புகார் கிளப்பியபோது இரண்டு பக்கமும் காரசாரமாகப் பேசினார்கள். அதில் அரசியலும் கொஞ்சம் கலந்திருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வெள்ளாயணியில் இருக்கும் கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வகம் சந்தையில் வாங்கிச் சோதிக்கும் மாதிரிகளில் கறிவேப்பிலை திரும்பத் திரும்ப மாட்டுகிறது. உள்ளூர்த் தோட்டத்துக் காய்களையும் அதே ஆய்வகம்தான் சோதிக்கிறது. இது வாளையாறு எல்லையோடு முடிகிற விஷயமும் இல்லை. 2014-இல் மருந்து எச்சத்துக்காக இந்தியப் பச்சை மிளகாயைச் சவூதி அரேபியா தடை செய்தது. ஐரோப்பாவிலும் நம் கறிவேப்பிலையைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் வைத்தார்கள்.

சரி, கறிவேப்பிலை மட்டும் ஏன் இப்படி மாட்டுகிறது? பூசணிக்காயில் ஒரு கிலோ எடைக்கு இருக்கும் மேற்பரப்பு கொஞ்சம். கறிவேப்பிலையில் ஒரு கிலோ என்றால் ஆயிரக்கணக்கான இலைகள், இரண்டு பக்கமும் மருந்து படிகிறது. அதே டேங்க், அதே மூடி அளவு, ஆனால் கிலோவுக்கு ஏறும் மருந்து பல மடங்கு.

அடுத்தது லேபிள். உங்கள் பாட்டிலில் எந்தப் பயிருக்கு, எவ்வளவு, அடித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். புரோஃபெனோபாஸ் பாட்டிலில் பருத்தி இருக்கும், கறிவேப்பிலை இருக்காது. ஒரு பயிருக்கு அளவு நிர்ணயிக்காத மருந்துக்கு நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியிலேயே பொதுவான வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 100 டன் இலையில் 1 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு. அடித்த அன்று இலையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்வோம். 3 நாளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைகிறது என்றும் கொள்வோம். 10 என்பது 0.01-க்கு இறங்க ஏறக்குறைய பத்து முறை பாதியாக வேண்டும். அதாவது 30 நாள். நீங்கள் விட்டது ஒரு வாரம். எந்த ஆய்வகத்தில் கொடுத்தாலும் அது தெரியத்தான் செய்யும். அந்தப் பளபளப்பு மருந்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பூச்சிக்காக அடித்ததே இல்லை, வியாபாரியின் கண்ணுக்கு மட்டுமே அடித்தது அது.

இனி கொழுந்து சுருட்டலுக்கு வருவோம். அது பெரும்பாலும் சில்லிட் பூச்சியின் வேலை. எலுமிச்சையில் வருகிற அதே பூச்சி. பெரிய பூச்சி எள் அளவுதான் இருக்கும், தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கியபடி சாய்வாக உட்காரும். அந்த உட்காரும் விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். விரியாத கொழுந்தைப் பிரித்தால் தட்டையான மஞ்சள் குஞ்சுகளும், அவற்றின் பின்னால் வெள்ளை மெழுகு இழைகளும் தெரியும். முட்டை இடுவது இளங்கொழுந்தில் மட்டுமே, முற்றிய இலையில் இல்லை. உங்களுக்குச் சாதகமான விஷயமே இதுதான். அறுத்த பிறகு துளிர்க்கிற அந்த மூன்று, நான்கு வாரம் காப்பாற்றிவிட்டால், அடுத்து அறுப்பு வரை மருந்துக்கு வேலை குறைவு.

ஆனால் சந்தைக்கு ஏற்ப இன்று இரண்டு வரிசை, நாலு நாள் கழித்து இரண்டு வரிசை என்று அறுத்தால், தோட்டத்தில் வருடம் முழுக்க எங்காவது ஒரு மூலையில் கொழுந்து இருக்கும். பூச்சி அங்கிருந்து இங்கே வரும், நீங்களும் டேங்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவீர்கள். 2 ஏக்கரையும் ஒன்றொன்றாகப் பிரித்து, ஒவ்வொரு ஏக்கரையும் ஒரே மூச்சில் அறுங்கள். பூச்சி பிடித்த நுனிகளை வெட்டித் தோட்டத்துக்கு வெளியே புதைத்துவிடுங்கள். அறுத்தவுடன் யூரியாவை அள்ளிப் போடுவதும் வேண்டாம். கொழுந்து மெத்தென்று வரும்போது சில்லிட்டுக்குக் கொண்டாட்டம்.

துளிர் விடும்போதே மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். வேப்பெண்ணெய் கேட்கவில்லை என்றீர்கள். எப்போது அடித்தீர்கள்? இலை சுருண்ட பிறகு அடித்தால் குஞ்சின்மேல் படவே படாது. வேம்பு பட்டவுடன் கொல்லும் மருந்தும் இல்லை. தின்பதையும் தோல் உரிப்பதையும் கெடுத்து மெதுவாக முடிக்கும். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி 10 லிட்டர் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்துப் பிழியுங்கள். அதை 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, மாலையில் கொழுந்து நனைய அடியுங்கள். கொழுந்து விரலிடை நீளம் இருக்கும்போது முதல் தடவை, வாரம் கழித்து மறுபடி. அன்றன்று தயாரித்த சாற்றுக்கு இருக்கும் வேகம் பழைய பாட்டில் எண்ணெய்க்கு இருக்காது.

புரோஃபெனோபாஸை நிறுத்தினால் முதல் இரண்டு அறுப்பில் பூச்சி கூடினதுபோலத் தோன்றலாம். பொறிவண்டும், சில்லிட் குஞ்சின்மேல் முட்டை இடும் டமரிக்ஸியா என்ற பொடிக் குளவியும் திரும்பி வரக் கொஞ்சம் காலம் ஆகும். இத்தனை நாளும் அவற்றையும் சேர்த்தேதான் கொன்றுகொண்டிருந்தோம். செத்துக் காய்ந்த குஞ்சின் உடலில் வட்டமாக ஒரு ஓட்டை தெரிந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம்.

தாங்கவே முடியாத அளவுக்கு வந்தால்? கோவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் இருந்தது டைமெத்தோயேட், லிட்டருக்கு 1 மி.லி. இது செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்து, கழுவினால் போகவே போகாது. தோட்டக்கலை அலுவலரிடம் இப்போதைய நிலையைக் கேட்டுக்கொண்டு, துளிர்க் கட்டத்தில் ஒரே ஒரு தடவை மட்டும் அடியுங்கள். அப்புறம் அறுப்பு வரை எதுவும் கிடையாது. ஏற்றுமதிக்குப் போகும் இலைக்கு அதுவும் வேண்டாம். டிரையசோபாஸ், நுவான் (டைகுளோர்வாஸ்) என்று யாராவது பழைய சரக்கைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். 2020 டிசம்பர் 31-ஓடு நாடு முழுக்கத் தடையாகிவிட்ட மருந்துகள் அவை. தக்காளிக்கோ பருத்திக்கோ அடித்த வாடகை ஸ்பிரேயரைக் கழுவாமல் கொண்டுவந்தாலும் எச்சம் ஏறும்.

சோதனைக்கு, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வகம் இருக்கிறது. ஓரத்துச் செடியில் மட்டும் பறிக்காமல் தோட்டம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் நடந்து, பல செடிகளில் பறித்துக் கலந்து ஒரு கிலோ எடுங்கள். கழுவ வேண்டாம். புதுப் பையில் போட்டு, அடித்த மருந்து, தேதி இரண்டையும் எழுதி, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். அறுப்புக்கு முன்பே கொடுத்தால்தான் ரிப்போர்ட்டுக்கு உபயோகம்.

இப்போது நிற்கும் இலைக்கும் மருந்து அடித்திருந்தால், கடைசியாக அடித்த தேதியிலிருந்து ஒரு மாதமாவது தள்ளி, சோதித்துவிட்டு அறுங்கள். பச்சையாகப் போகவில்லை என்றால் காயவைத்துப் பொடிக்குக் கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இலை காயும்போது போவது தண்ணீர்தான். இரண்டு மூன்று கிலோ இலையில் இருந்த எச்சம் ஒரு கிலோ பொடிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.