ஆறு ஐவி ஷைனியைக் காசு கொடுத்து வாங்கலாமா? போக்கிமான் கேள்வி-பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கருவியில் போக்கிமான் ஸ்கார்லெட் என்ற கேம் விளையாடுகிறான். 'ஆறு ஐவி ஷைனி' என்று ஆறு உருப்படிகளை ஒரு பேக்காக யாரோ ஆன்லைனில் விற்கிறாராம். பணம் போட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடுமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாங்கித் தரலாமா? (ஒரு தாய்)

வேண்டாம் அம்மா. ஏன் வேண்டாம் என்பது புரிய, அந்தப் பெயரில் இருக்கும் இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

போக்கிமான் என்பவை கேமில் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடும் கற்பனை உயிரினங்கள். ஒவ்வொன்றுக்கும் உயிர், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் என்று ஆறு திறன்கள். ஒவ்வொரு திறனுக்கும் 0 முதல் 31 வரை ஓர் எண் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் ஐவி. ஆறிலும் 31 இருந்தால் 'ஆறு ஐவி'. ஷைனி என்பது நிறம் மாறிப் பிறப்பது. சண்டையில் அதனால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது, அழகுக்குத்தான். சாதாரணமாக 4,096-க்கு ஒன்று அப்படி வரும்.

இப்போது கணக்குப் போடுங்கள். காட்டில் பிடிக்கும் சாதாரணப் போக்கிமானில் ஆறு எண்ணும் 31 ஆக அமைவது ஏறக்குறைய 107 கோடியில் ஒன்று. இனப்பெருக்கம் செய்து அந்த வாய்ப்பை நிறையக் கூட்டலாம், ஆனால் ஷைனியாகவும் வேண்டும் என்றால் ஒன்றுக்கே நாள்கணக்கில் உட்கார வேண்டும். கேட்ட இனத்தில், கேட்ட நிறத்தில், பத்து நிமிடத்தில் ஆறு கொடுக்கிறார் என்றால் அவர் வளர்த்துக் கொடுக்கவில்லை. மென்பொருளில் எண்ணைத் தட்டி உருவாக்கிக் கொடுக்கிறார்.

ஜப்பானில் இது காவல்துறை வரை போன விஷயம். 2021-இல் நாகோயாவைச் சேர்ந்த 23 வயது இளைஞர் எண்கள் திருத்தப்பட்ட சாபிள் என்ற போக்கிமானை 4,400 யென்னுக்கு விற்றுக் கைதானார். 2024 ஏப்ரலில் போக்கிமான் வயலெட் என்ற கேமின் தரவுகளைத் திருத்தி விற்றதாக 36 வயதுக்காரர் ஒருவரைக் கோச்சி மாகாணக் காவல்துறை பிடித்தது. வாங்கியவர்களைச் சிறையில் போடவில்லை, சரி. ஆனால் 2023-இல் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில், இப்படிப்பட்ட போக்கிமான்களைக் கொண்டுவந்த ஆட்டக்காரர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் சிலர் தெரியாமல் பரிமாற்றத்தில் வாங்கியதாகச் சொன்னார்கள். அது எடுபடவில்லை.

இன்னொன்று. 'நானே உள்ளே போய்ப் போட்டுத் தருகிறேன், பாஸ்வேர்டைக் கொடு' என்று விற்பவர் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் உங்கள் கார்டு எண் இருக்கலாம்.

கேள்வி: என் கார்ச்சாம்ப் போக்கிமானும் நண்பனின் கார்ச்சாம்பும் ஒரே லெவல். வேகத்துக்கு எனக்கும் 31 ஐவிதான். ஆனாலும் எப்போதும் அவனுடையதே முதலில் அடிக்கிறது. என் கேம் பழுதா? (கல்லூரி மாணவர்)

பழுதெல்லாம் இல்லை தம்பி. பிறவியை மட்டும் பார்த்திருக்கிறாய், பயிற்சியை விட்டுவிட்டாய்.

ஐவி போக ஈவி என்று ஒன்று உண்டு. சண்டை போட்டும் டானிக் குடித்தும் ஏறுவது அது. ஒரு திறனுக்கு 252 வரை, எல்லாம் சேர்த்து 510 வரை ஏற்றலாம். அதாவது இரண்டு திறனை முழுதாக நிரப்பலாம், மிச்சம் கொசுறு. மூன்றாவது நேச்சர், அதன் சுபாவம். மொத்தம் 25. அவற்றில் ஐந்து எதையும் மாற்றாது. மற்றவை ஒரு திறனைப் பத்து சதவீதம் கூட்டி இன்னொன்றைப் பத்து சதவீதம் குறைக்கும்.

கார்ச்சாம்பின் அடிப்படை வேகம் 102. தரவரிசை ஆட்டங்களில் எல்லாரும் லெவல் 50 என்பதால் அதிலேயே பார்ப்போம். ஐவி 31, வேகத்தில் ஈவி 252, வேகத்தைக் கூட்டும் ஜாலி நேச்சர் மூன்றும் இருந்தால் வேகம் 169. இதில் ஐவியை மட்டும் 0 ஆக்கினால் 151. நேச்சரை மட்டும் சாதாரணமாக்கினால் 154. ஈவியை மட்டும் எடுத்துவிட்டால்? 134!

ஐவி போனால் 18 நஷ்டம், ஈவி போனால் 35. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதல் எண்ணைத் துரத்திக்கொண்டு இரண்டாவதைக் கண்டுகொள்வதில்லை. ஐவியைப் பார்த்தவுடன் 'பெஸ்ட்' என்று திரையே சொல்லிவிடுகிறது, ஈவிக்கு அப்படி ஆரவாரம் இல்லை, அதனாலோ என்னவோ.

வேகத்துக்கான டானிக் கார்போஸ். சான்சி சப்ளை கடையில் ஒன்று 10,000, விளையாட்டுக் காசுதான். ஒரு புட்டிக்கு 10 ஈவி. 25 குடித்தால் 250 ஆகும், போதுமே என்று நிறுத்திவிடாதே. 250-இல் வேகம் 168, 252-இல் 169. அந்த ஒரு புள்ளி குறைந்தால் 169 உள்ளவன் எப்போதும் முந்துவான். 26-ஆவது புட்டியையும் வாங்கு. மொத்தம் 2,60,000. காசு பற்றாவிட்டால் கதை முடிந்தபின் அகாடமி ஏஸ் டோர்னமென்டில் நாலைந்து முறை ஜெயித்துவிட்டு வா.

ஈவியை ஏற்றிய பிறகும் அவன்தான் முந்துகிறான் என்றால் நேச்சரைப் பார். உன்னுடையது ஜாலியாக இல்லாமல் இருக்கலாம்.

கேள்வி: முட்டை போட வைத்துத்தான் நல்ல போக்கிமான் எடுக்க வேண்டுமா? எந்தப் பொருள்களை முதலில் வாங்க வேண்டும்?

முன்பெல்லாம் கட்டாயம். இப்போது இல்லை. ஸ்கார்லெட், வயலெட்டில் லெவல் 50-ஐத் தொட்ட போக்கிமானை மான்டெனெவெரா ஊரில் இருப்பவரிடம் கூட்டிப்போய், பாட்டில் கேப் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால் ஒரு திறனை 31-க்குச் சமமாக்கித் தருவார். டெலிபேர்ட் பிரசண்ட்ஸ் கடையில் ஒரு கேப் 20,000. நேச்சரின் பலனை மாற்ற மின்ட் என்ற பொருள், அதுவும் 20,000. ஒரே ஒரு போக்கிமான் போதும் என்பவருக்கு இதுவே மலிவு, நேரமும் மிச்சம்.

ஆனால் இரண்டுமே மேல்பூச்சுதான். கேப் போட்டு 31 ஆக்கிய எண் குஞ்சுக்குப் போகாது, மின்ட் மாற்றிய சுபாவமும் போகாது. பிறக்கும்போது இருந்ததுதான் போகும். அதோடு கேப் எண்ணை ஏற்றுமே தவிர இறக்காது. சிறப்புத் தாக்குதலை நம்பும் போக்கிமான் சிலவற்றுக்குச் சாதாரணத் தாக்குதல் 0 ஆக இருப்பதே நல்லது. குழப்பத்தில் தன்னையே அடித்துக்கொள்ளும்போது அடி குறைவாக விழும். அந்த 0 வேண்டுமென்றால் முட்டைதான் நம்பகமான வழி.

முட்டை என்று இறங்கிவிட்டால் முதல் செலவு டெஸ்டினி நாட் என்ற பொருள். அதே டெலிபேர்டில் 20,000. பெற்றோரில் ஒன்றின் கையில் இது இல்லாவிட்டால், இருவரிடமிருந்தும் மொத்தம் மூன்று எண்கள்தான் குஞ்சுக்குப் போகும். இருந்தால் ஐந்து போகும். இரண்டு பெற்றோரும் ஆறு ஐவி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட் இருந்தால் 32 முட்டைக்கு ஒன்று ஆறு ஐவியாகப் பொரியும். இல்லையென்றால் 32,768-க்கு ஒன்று. 20,000 காசுக்கு விளையாட்டில் இதைவிட லாபமான சரக்கை நான் பார்த்ததில்லை.

இன்னொரு பெற்றோரின் கையில் எவர்ஸ்டோன் என்ற கல். அதை வைத்திருப்பதன் நேச்சர் அப்படியே குஞ்சுக்கு வரும்.

அப்புறம் டிட்டோ என்ற போக்கிமான் ஒன்று. முட்டையே போடாத சில இனங்களையும் இன்னொரு டிட்டோவையும் தவிர யாரோடு விட்டாலும் ஜோடி சேரும். முட்டை மற்றப் பெற்றோரின் இனமாக வரும். கார்ச்சாம்பும் டிட்டோவும் என்றால் கார்ச்சாம்பின் குட்டி வடிவமான கிபிள். நட்சத்திரம் அதிகமுள்ள ரெய்டில் (கூட்டுச் சண்டையில்) பிடித்த டிட்டோவுக்கு 31 எண்கள் கூடுதலாக இருக்கும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அணியில் போட்டு பிக்னிக் விரித்தால் மேசைக்குப் பக்கத்துக் கூடையில் முட்டை சேரும். பத்துக்கு மேல் கொள்ளாது, அவ்வப்போது எழுந்துபோய்ப் பாருங்கள். கிரேட் பீநட் பட்டர் சாண்ட்விச் செய்து சாப்பிட்டால் வரத்து வேகமாகும். பொரிக்க நடக்கும்போது ஃபிளேம் பாடி திறமை உள்ள ஒன்றை அணியில் வைத்தால் பாதி நடை மிச்சம்.

கேள்வி: முட்டை, இனப்பெருக்கம்தான் எனக்குப் பிடிக்கிறது. எந்த கேமை வாங்குவது?

பெட்டியில் போக்கிமான் என்று இருந்தாலே முட்டை இருக்கும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். 2018-இல் வந்த லெட்ஸ் கோ இரண்டிலும் கிடையாது. 2022 ஜனவரியில் வந்த லெஜண்ட்ஸ் ஆர்சியஸில் கிடையாது. 2025-இன் லெஜண்ட்ஸ் இசட்-ஏயிலும் கிடையாது. ஸ்விட்சில் முட்டை உள்ளவை சோர்ட், ஷீல்ட் (2019), பிரில்லியன்ட் டைமண்ட், ஷைனிங் பேர்ல் (2021), ஸ்கார்லெட், வயலெட் (2022). இவற்றில் கடைசி ஜோடியையே சொல்வேன், பாட்டில் கேப்புக்கு லெவல் 50 போதும் என்ற ஒரு சலுகைக்காகவே. சோர்டில் அதற்கு லெவல் 100 வரை இழுக்க வேண்டும்.

ஸ்கார்லெட்டா வயலெட்டா என்பது ருசியைப் பொறுத்தது. லார்விட்டார், டீனோ ஆகிய இனங்கள் ஸ்கார்லெட்டில், பேகான், ட்ரீப்பி வயலெட்டில். இரண்டையும் வாங்காதீர்கள். நண்பன் எதை வைத்திருக்கிறான் என்று கேட்டு மற்றதை வாங்குங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கார்ட்ரிட்ஜ் வாங்கினால் பழைய ஆள் வளர்த்ததெல்லாம் கூட வருமா? அதற்குத்தான் விலை கூட்டிச் சொல்கிறார்கள்.

ஸ்விட்ச் என்றால் வராது. ஆடியவரின் சேமிப்பு (சேவ்) கருவியில் இருக்கிறது, கார்ட்ரிட்ஜில் இல்லை. 'முழுக்க முடித்த கேம்' என்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இதில் ஒரு நன்மையும் உண்டு. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒரே கருவியில் ஆளுக்கொரு புரொஃபைல் போட்டு, ஒரே கார்ட்ரிட்ஜில் தனித்தனிக் கதை ஓட்டலாம். ஒரே நேரத்தில் முடியாது, அவ்வளவுதான்.

நின்டெண்டோவின் பழைய கருவிகளான கேம்பாய் அட்வான்ஸ், டிஎஸ், 3டிஎஸ் வேறு கதை. அங்கே சேமிப்பு கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும், பழையவரின் போக்கிமான்களும் வரும். போலியும் அங்கேதான் அதிகம். நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு கடையில் கேம்பாய் அட்வான்ஸின் எமரால்ட் வாங்கினேன். மூன்று வாரம் ஆடியபின் ஒரு காலை திறந்தால் 'புதிய ஆட்டம்' மட்டும் இருந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே வேறொன்று எடுத்துத் தந்தார். அதுவும் அதே சரக்கு. அசல் எமரால்டின் லேபிளில் இரண்டு இலக்க எண் ஒன்று லேசாக அழுத்திப் பதிந்திருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும். பின்பக்கத் திருகு மூன்று கால் வடிவத்தில் இருக்கும். டிஎஸ்ஸில் ஹார்ட்கோல்ட், சோல்சில்வர், பிளாக், ஒயிட் ஆகியவற்றின் அசல் கார்ட்ரிட்ஜ் பளபளக்கும் கறுப்பு. சாம்பல் நிறத்தில் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழையதில் வளர்த்ததைப் புதியதற்கு ஏற்றலாம் என்ற ஆசையில் வாங்குவதாக இருந்தால் இன்னும் யோசியுங்கள். அந்தப் பாதை 3டிஎஸ்ஸில் உள்ள போக்கிமான் பேங்க் என்ற செயலி வழியாகத்தான் போகிறது. 3டிஎஸ் இணையக் கடை 2023 மார்ச் 27-இல் மூடப்பட்டது. வாங்கப்போகும் கருவியில் பேங்க் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பாதை அடைப்பு.

கேள்வி: 'போக்கிமான் கோ' என்ற ஃபோன் விளையாட்டில் முட்டை பொரிக்க இன்குபேட்டர் காசு கொடுத்து வாங்கலாமா? 15/15/15 கிடைக்குமா?

'கோ' விளையாட்டில் முட்டை மட்டும் உண்டு, ஜோடி சேர்ப்பது கிடையாது. அங்கே மூன்றே திறன்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை. முட்டையில் எதுவும் 10-க்குக் கீழே போகாது. அதனால் மூன்றும் 15 ஆவது 216-க்கு ஒன்று. மூன்று முறை பயன்படும் நீல இன்குபேட்டர் 150 காயின். விளையாட்டில் வரும் ஜிம்மில் (சண்டைக் களத்தில்) போக்கிமானை நிறுத்தினால் ஒரு நாளைக்கு 50 காயின் வரை சும்மா வரும். மூன்று நாள் பொறுத்தால் இலவசம். இல்லாவிட்டால், எப்போதும் கையில் இருக்கும் ஆரஞ்சு இன்குபேட்டரே போதும்.

1,500 சிபி (போக்கிமானின் மொத்தச் சண்டை பலத்தைக் காட்டும் எண்) வரம்புள்ள கிரேட் லீக் என்ற போட்டியில் ஆடுவதற்கு என்றால் 15/15/15 பெரும்பாலும் தேவையே இல்லை. தாக்குதல் குறைந்து மற்ற இரண்டும் கூடியிருப்பதுதான் அங்கே பலம். வெளியே பிடித்ததில் 0/15/15 வந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு டிட்டோ இருந்தால் ஷைனி சீக்கிரம் வருமாமே? சிங்கப்பூரில் இருக்கும் சித்தி மகனிடம் ஒன்று கேட்டிருக்கிறேன்.

அவர் எந்த மொழியில் விளையாடுகிறார் என்று முதலில் கேளுங்கள். மசூதா முறை என்று சொல்வது இதைத்தான், போக்கிமான் கேம்களை உருவாக்கும் கேம் ஃபிரீக் நிறுவனத்தில் முன்பு இருந்த ஜூனிச்சி மசூதாவின் பெயரால். பெற்றோர் இருவரும் வெவ்வேறு மொழி கேமில் பிடிபட்டவையாக இருந்தால் ஷைனி வாய்ப்பு 4,096-க்கு ஒன்று என்பது சுமார் 683-க்கு ஒன்றாக ஏறும். ஷைனி சார்ம் என்ற பொருளும் கையில் இருந்தால் 512-க்கு ஒன்று. நாடு கணக்கில்லை, மொழிதான் கணக்கு. சிங்கப்பூர் தம்பியும் ஆங்கிலத்தில், நீங்களும் ஆங்கிலத்தில் என்றால் அந்த டிட்டோவால் ஒரு லாபமும் இல்லை. பாரிசில் பிரெஞ்சிலோ ஜெர்மனியில் ஜெர்மனிலோ ஆடும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவரைப் பிடியுங்கள்.