ஒரு டி-சர்ட்டுக்கு எத்தனை மீட்டர் தையல் நூல் ஆகும்? கணக்கோடு சேதாரத்துக்கென்று 15 சதவீதம் சேர்த்தால் போதுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சில ஸ்டைலுக்குப் போதும், சிலதுக்குப் போதாது. அந்த 15 எதற்காக என்று யோசிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு போடுவதுதான் சிக்கல். நானும் பல வருடம் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடிப்படைக் கணக்கு சுலபம். ஒவ்வொரு தையலின் நீளத்தையும் டேப் வைத்து அளந்து, அந்தத் தையல் வகைக்கான விகிதத்தால் பெருக்க வேண்டும். நூல் கம்பெனிகள் தரும் அட்டவணையில் சாதாரண லாக்ஸ்டிட்ச்சுக்கு (வீட்டுத் தையல் மெஷின் போடும் நேர்த்தையல்) 2.5, சங்கிலிபோல் கோக்கும் இரண்டு நூல் செயின்ஸ்டிட்ச்சுக்கு 5.5, துணி ஓரத்தைச் சுற்றிப் பின்னும் மூன்று நூல் ஓவர்லாக்குக்கு 14, நான்கு நூல் ஓவர்லாக்குக்கும் மடிப்பைத் தட்டையாகத் தைக்கும் இரட்டை ஊசி மூன்று நூல் பிளாட்லாக்குக்கும் 18 என்று இருக்கும். அதாவது 1 செ.மீ. நான்கு நூல் ஓவர்லாக் தையலுக்கு 18 செ.மீ. நூல் போகிறது. முதல்முறை கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். ஒரு தையலைப் பிரித்து நூலை நீட்டிக் காட்டினால் வாயடைத்துப்போவார்கள்.

சரி, ஒரு வட்டக்கழுத்து டி-சர்ட்டை எடுத்துக்கொள்வோம். தோள் இரண்டும் சேர்த்து 28 செ.மீ., கழுத்துப் பட்டை (ரிப்) 50, கை மூட்டுவது 92, பக்கவாட்டுத் தையல் கையின் அடிப்பக்கத்தோடு சேர்த்து 120. மொத்தம் 290 செ.மீ. நான்கு நூல் ஓவர்லாக். பதினெட்டால் பெருக்கினால் 52.2 மீட்டர். அடி மடிப்பு 104, கை மடிப்பு 72, ஆக 176 செ.மீ. பிளாட்லாக், அது 31.7 மீட்டர். லேபிள், கழுத்து டேப் எல்லாம் லாக்ஸ்டிட்ச்சில் 60 செ.மீ. வைத்தால் வெறும் 1.5 மீட்டர்தான். கூட்டினால் 85.4 மீட்டர்.

பலர் இங்கேயே 15 சதவீதம் சேர்த்து 98 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் ஓவர்லாக் மெஷினில் துணி உள்ளே போகும் முன்பும் வெளியே வந்த பின்பும் துணியில்லாமல் வெறும் நூல் பின்னலாக ஒரு வால் ஓடுகிறதே, அதை யார் கணக்கில் எடுப்பது? ஒரு முனைக்கு 4 செ.மீ. வால் என்று வையுங்கள். மேலே சொன்ன ஏழு ஓவர்லாக் தையல்களுக்கு மொத்தம் 14 முனைகள். 56 செ.மீ. வால், அதுவும் பதினெட்டு மடங்கு நூலோடு. பத்து மீட்டர் குப்பைக்குப் போகிறது! பிளாட்லாக்கில் ஆறு முனை, இன்னொரு 4.3 மீட்டர். ஆக வாலுக்கு மட்டும் கிட்டத்தட்ட 17 சதவீதம்.

கவனித்தீர்களா, வாலின் நீளம் தையலின் நீளத்தைப் பொறுத்தது இல்லை. 60 செ.மீ. பக்கவாட்டுத் தையலுக்கு 8 செ.மீ. வால் என்பது 13 சதவீதம். 14 செ.மீ. தோளுக்கு அதே 8 செ.மீ. என்றால் 57 சதவீதம். அதனால்தான் குழந்தைகள் உடுப்பில் நூல் எப்போதும் பற்றாமல் போகிறது. சின்னச் சின்னத் தையல், முனை மட்டும் அதே எண்ணிக்கை. டெய்லர் பீஸ்களை இடைவெளி விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் ஒரே வால் இரண்டு பீஸுக்கும் பொதுவாகிவிடும், இந்தச் செலவு ஏறக்குறைய பாதியாகும். இதை லைனில், அதாவது மெஷின்கள் வரிசையாக ஓடும் இடத்தில் போய் நின்று பார்த்தால்தான் தெரியும். நான் வாலைத் தனியாகக் கணக்கிட்டுவிட்டு, நூல் அறுவதற்கும் ரிப்பேருக்கும் கோனின் (நூல் சுற்றிவரும் கூம்பு) அடியில் மிஞ்சுவதற்கும் ஒரு 5 சதவீதம் மட்டும் சேர்ப்பேன். இந்த டி-சர்ட்டுக்கு அது 105 மீட்டர் வரும்.

அட்டவணை விகிதத்தையும் அப்படியே நம்பவேண்டாம். ஒருமுறை கெட்டித்துணிப் பேன்ட் ஆர்டருக்கு எல்லா லாக்ஸ்டிட்ச்சுக்கும் 2.5 என்றே போட்டேன். கடைசி முந்நூறு பீஸில் நூல் தீர்ந்தது. அவசரமாக வந்த நூல் வேறு டை லாட், அதாவது வேறொரு தடவை சாயம் போட்டது. ஒரே காலில் இரண்டு ஷேடு. பிரித்துத் தைத்தோம். அதற்கு எத்தனை மீட்டர் ஆனது என்று கணக்குப் போட அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. காரணம் மிக எளிது. லாக்ஸ்டிட்ச்சில் ஒவ்வொரு தையலிலும் மேல் நூலும் பாபின் நூலும் (அடி நூல்) தையல் நீளத்தோடு துணியின் தடிமனையும் கடக்கவேண்டும். தையல் நீளம் 2.5 மி.மீ., துணி அடுக்குகள் சேர்ந்து 0.6 மி.மீ. என்றால் இரண்டு நூலும் சேர்ந்து 6.2 மி.மீ.; விகிதம் 2.48, அட்டவணை சொல்வதுதான். அதே தையல் 2.5 மி.மீ. தடிமன் உள்ள மடிப்பில் விழுந்தால் விகிதம் 4 ஆகிவிடும். தையலை நெருக்கினாலும் விகிதம் கூடும்.

ஆகவே சாம்பிள் வந்ததும் ஒவ்வொரு வகைத் தையலிலும் 10 செ.மீ. குறித்து வெட்டிப் பிரியுங்கள். ஊசி நூல், லூப்பர் (ஊசி நூலோடு கோத்துப் பின்னும் கொக்கி) நூல் இரண்டையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். நான்கு நூல் ஓவர்லாக்கில் சுமார் கால் பங்குதான் ஊசிக்கு, முக்கால் பங்கு லூப்பருக்கு. உடம்பில் உறுத்தக்கூடாது என்று லூப்பருக்கு மட்டும் மெத்தென்ற டெக்ஸ்சர்டு நூல் போடுகிற ஸ்டைலில் இந்தப் பிரிவு இல்லாவிட்டால் ஒன்று மலைபோல் மிஞ்சும், மற்றொன்று பாதியில் நிற்கும்.

அப்புறம் கோன் எண்ணிக்கை. 1000 பீஸுக்கு 1,05,000 மீட்டர், 5000 மீட்டர் கோன் 21. ஆனால் லேபிளில் 5000 என்பதற்குப் பக்கத்தில் கஜம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 5000 கஜம் 4572 மீட்டர்தான்; அப்போது 23 கோன் வேண்டும்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. லைனில் ஆறு ஓவர்லாக், இரண்டு பிளாட்லாக், இரண்டு லாக்ஸ்டிட்ச் என்றால் ஒரு நூலுக்கு ஒரு கோன் வீதம் (லாக்ஸ்டிட்ச்சில் மேல் நூலுக்கு மட்டும்) மெஷின்களில் ஏற்றவே 24, 6, 2 என்று 32 கோன் வேண்டும். ஒரு கலரில் 300 பீஸ்தான் என்றால் மீட்டர் கணக்கு ஏழு கோனில் முடிந்துவிடும், மீதி 25 இடம் காலி. சின்ன ஆர்டரில் நூல் வாங்குவதைத் தீர்மானிப்பது மீட்டர் இல்லை, ஸ்டாண்டில் இருக்கும் இடம்தான். வெளியே தெரியாத உள்தையலுக்குப் பொது நிற நூலைப் போட பையர் (ஆர்டர் கொடுத்தவர்) ஒப்புக்கொள்வாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பெரிய கோனைச் சின்னச் சின்ன கோன்களாகச் சுற்றிப் பிரிக்கவேண்டியதுதான்.

பிரித்துச் சுற்றும்போது தராசு கைகொடுக்கும். டெக்ஸ் 27 நூல் என்றால் 1000 மீட்டர் 27 கிராம் என்று அர்த்தம். பாதி தீர்ந்த கோனை நிறுத்து, வெறும் கோனின் எடையைக் கழித்துவிட்டால் 54 கிராம் இருந்தால் 2000 மீட்டர் இருக்கிறது. முதல் 50 பீஸ் ஓடுவதற்கு முன்பும் பின்பும் எல்லாக் கோன்களையும் நிறுத்துப் பாருங்கள். மேலே உள்ள டி-சர்ட்டுக்கு சுமார் 140 கிராம் குறைந்திருக்கவேண்டும். 170 குறைந்திருந்தால் மறுநாளைக்கு ஒத்திப்போடாமல் அன்றே நூல் சொல்லிவிடுங்கள், அதே டை லாட் கிடைக்கும்போதே.