வளவுக்குள் கடல்

அன்புள்ள அக்கா,

எங்கள் ஊர் ஆத்தங்குடி. அப்பா டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறார். நான் காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிறேன். ஆறு மாதமாக ஃபோனில் விசித்திரமான ஓவியங்களாகத் தேடிப் பார்க்கிறேன். கால் முளைத்த வீடு, வயிற்றுக்குள் நிலாவை வைத்திருக்கும் யானை, இப்படி. நானும் ஒன்று வரைந்தேன். பழைய வீட்டு வளவு, அதாவது நடுமுற்றம், முழுக்கக் கடல். ஓர் அப்பத்தா சுளகில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறார். கூட வேலை செய்பவர்கள் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார்கள். எனக்கே தெரியவில்லை. அர்த்தம் தெரியாமல் வரையலாமா? இந்த மாதிரி ஓவியங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது? படத்தை இணைத்திருக்கிறேன்.

மீ., ஆத்தங்குடி

அன்புள்ள மீ.,

படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். அர்த்தம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதை நீங்கள் நாலு வரியில் எழுதியிருப்பீர்கள். தெரியாததால்தான் வரைய வேண்டி வந்தது. தாராளமாக வரையலாம். எனக்கு உங்கள் படத்தில் இடித்தது வேறொன்று. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் 1938இல் வரைந்த 'டைம் டிரான்ஸ்ஃபிக்ஸ்ட்' என்ற ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். சாதாரண அறை, சுவரில் குளிர்காயும் கணப்பு. அந்தக் கணப்பின் உட்சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு நீராவி ரயில் எஞ்சின் வருகிறது. முதலில் எஞ்சின்தான் கண்ணில் படும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் புகை தெரியும். அது அறைக்குள் பரவாமல், கணப்பின் புகைபோக்கிக்குள் ஏறிப்போகிறது. கணப்புப் புகை எங்கே போகுமோ அங்கேதான். தரைப்பலகை, கடிகாரம், கண்ணாடிச் சட்டம் எல்லாம் ஆசாரி அளந்து வைத்த மாதிரி. நடக்கவே முடியாத ஒரு காரியத்தை வைத்துவிட்டு மற்றதையெல்லாம் நேர்மையாக வரைந்திருக்கிறார். அந்த நேர்மையை நம்பித்தான் நம் கண் எஞ்சினையும் நம்புகிறது. நீங்கள் தேடிப் பார்க்கும் இந்தக் கனவு மாதிரியான ஓவியங்களுக்குச் சர்ரியலிசம் என்று பெயர். அதன் உயிர் இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

1924இல் பாரிசில் அதை ஓர் இயக்கமாக அறிவித்த ஆந்த்ரே பிரெத்தோன் மருத்துவம் படித்தவர். முதல் உலகப்போரில் மனம் சிதைந்து வந்த சிப்பாய்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். கனவுக்குள் போனவர்கள் வேடிக்கைக்காகப் போகவில்லை.

உங்களுக்கு நெருக்கமாக இருப்பார் என்று நான் நினைப்பது ரெமெதியோஸ் வாரோவை. ஸ்பெயினில் பிறந்து, போருக்குத் தப்பி 1941இல் மெக்சிகோ போய்ச் சேர்ந்தவர். அப்பா நீரியல் பொறியாளர். தம் வரைபடங்களைப் பார்த்து வரைய மகளைச் சின்ன வயதிலேயே பழக்கினார். அந்தக் கை 1957இல் 'பறவைகளின் படைப்பு' என்ற ஓவியத்தை வரைந்தது. ஆந்தை உருவில் ஒருத்தி மேசையில் உட்கார்ந்து பறவை வரைகிறாள். ஒரு கையில் முக்கோணக் கண்ணாடி; விண்மீன் ஒளி அதன் வழியாகத் தாளில் விழுகிறது. வெளியிலிருந்து வரும் குழாய் ஒன்று வண்ணத்தைத் தட்டில் சொட்டுகிறது. வரைந்த பறவை தாளை விட்டு எழும்புகிறது. எந்தக் குழாய் எதில் சேருகிறது என்பதுவரை விரல் வைத்துச் சொல்லிவிடலாம்.

உங்கள் அப்பாவின் பட்டறை ஞாபகம் வந்தது. கண்ணாடிமேல் சட்டம் வைத்து, அச்சின் கண்ணறைகளில் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மூச்சைப் பிடித்து அச்சைத் தூக்குவார்கள். கை அசைந்தால் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும். மேலே மணலும் சிமெண்டும் போட்டு மூடியபின் பூ கண்ணுக்கே தெரியாது. தண்ணீரில் ஊறிக் கண்ணாடி கழன்றால்தான் முகம் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள்.

யாளியைச் செய்த நமக்கு இதெல்லாம் புதிதா என்று கேட்பவர்கள் உண்டு. சிங்க உடலில் துதிக்கை, வீட்டு முகப்பில் கஜலட்சுமிக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு சுதைச் சிப்பாய் என்று நம் கண் பழகியிருப்பது உண்மைதான். ஆனால் யாளி எப்படி இருக்கும் என்று ஸ்தபதிக்கும் தெரியும், தேர் இழுக்க வந்தவருக்கும் தெரியும். அது ஊர் ஒத்துக்கொண்ட உருவம். மாக்ரித்தின் எஞ்சின் ஒரு தனி மனிதரின் மனத்தில் மட்டும் வந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் இரண்டையுமே பார்க்காமல் போய்விடுவோம்.

பஜ்ஜு ஷியாம் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டவர். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர். லண்டனில் ஓர் உணவகச் சுவரில் வரையப் போய், அங்கே கண்டதைத் தம் ஊர் முறையில் வரைந்தார். சென்னையின் தாரா புக்ஸ் அதை 2004இல் 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்று வெளியிட்டது. சுரங்க ரயில் அதில் மண்புழு. பிக் பென் கடிகாரம் சேவலின் கண். அவர் ஊரில் நேரம் சொல்வது சேவல்தானே!

முதலில் ஒரு புத்தகம் வாங்குவதென்றால் ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டானின் 'தி அரைவல்' என்ற படக்கதை வாங்குங்கள், 2006இல் வந்தது. ஒரு சொல்கூடக் கிடையாது. அவருடைய அப்பா மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியா போனவர். குடும்பத்தை விட்டுக் கப்பலேறும் ஒருவர் போய் இறங்கும் ஊரில் எழுத்துகள் நமக்கும் புரியாது, விலங்குகள் நாம் கண்டதேயில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன ஐயாக்களுக்கு முதல் நாள் துறைமுகம் எப்படி இருந்திருக்கும் என்பதை எனக்குக் காட்டியவை அந்தப் பென்சில் படங்கள்.

ஃபோனில் எல்லாமே உள்ளங்கை அளவு. மாக்ரித்தின் அந்த ஓவியம் 147 சென்டிமீட்டர் உயரம். அளவைத் தேடிப் பார்த்து, சுவரில் கைவைத்து அளந்துகொள்ளுங்கள். ஓவியர் பெயரில்லாமல் வரும் படத்தோடு நின்றுவிடாதீர்கள். பெயரைக் கண்டுபிடித்து, அதே கை வரைந்த இன்னும் பத்தைப் பாருங்கள்.

இனி உங்கள் படம். சுளகின் பின்னல் எடைக்குத் தாழ்ந்திருக்கிறது. அப்பத்தா கண்டாங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருக்கிறார். இரண்டையும் நீங்கள் எங்கோ பார்த்திருக்கிறீர்கள். தூண்களைத்தான் பார்க்கவில்லை. தேக்குத் தூண் கடலில் இறங்கும் இடத்தில் ஒரு கோட்டைப் போட்டு நிறுத்திவிட்டீர்கள். உப்புநீர் ஏறி இறங்கிய கறை இல்லை, தூணின் பிம்பம் தண்ணீரில் இல்லை. மேலே திறப்பு வழியாக விழும் வெயில் தண்ணீரில் பட்டு, வளவைச் சுற்றியுள்ள பத்தியின் உத்தரத்தில் அசைய வேண்டுமே, அதுவும் இல்லை. ஐப்பசி மழையில் ஏதாவது ஒரு வளவில் தண்ணீர் தேங்கும்போது போய் நின்று பாருங்கள். பிறகு தூண்களை மட்டும் திரும்ப வரையுங்கள். அப்பத்தாவைத் தொட வேண்டாம். வரைந்ததும் எனக்கு அனுப்புங்கள்.