நிகோட்டின் சுவிங்கம்மும் பிளேன்டீயும் ஒன்றாக வேண்டாம்

சிகரெட்டை விடுவதற்காக வாங்கிய நிகோட்டின் கம்மைக் காலைப் பிளேன்டீயோடு (பால் இல்லாத தேத்தண்ணியோடு) மெல்லுவதாக எழுதியிருக்கிறீர்கள். நாலாம் நாளே மறுபடி சிகரெட் எடுத்ததற்கு அதுதான் காரணமாக இருக்கக்கூடும். தேத்தண்ணி வாயில் புளிப்புத்தன்மையைக் கூட்டும். அதனால் நிகோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியே சரியாக ஏறாது. மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம்.

மெல்லும் முறையும் முக்கியம். மிளகுபோல் காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். சாதாரண சுவிங்கம் மாதிரி வேகமாக மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும்.

எழும்பி 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவரா? அப்படியானால் 2 மி.கி. கம் போதாது, 4 மி.கி. கம் கேளுங்கள். முதல் 6 வாரம் ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு கம். ஆசை வந்தபிறகு தேடுவது பிந்திவிடும். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போதே சட்டைப் பையில் இருக்கட்டும்.

இன்னொன்று: சிகரெட்டுக்குப் பதிலாகப் புகையிலை வைத்து வெற்றிலை போடாதீர்கள். மலையில் குளிருக்கு அது சுலபமாகத் தொற்றிக்கொள்ளும், நிகோட்டினும் விடாது.

அண்மையில் மாரடைப்பு வந்திருந்தாலோ, நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, டொக்டரிடம் கேட்காமல் கம் வேண்டாம். புகைத்தலை விடுவதற்கான ஆலோசனைக்கு இலங்கையில் 1948 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.