எடைக்குறைப்பு ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போதே குழந்தைக்கு முயற்சி செய்யலாமா?

கேட்டிருப்பவருக்கு 30 வயது. ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடும் ஆபரேஷன் செய்து எட்டு மாதம் ஆகிறது. 104 கிலோவிலிருந்து 79-க்கு வந்திருக்கிறார். வருஷக்கணக்கில் தாறுமாறாக இருந்த மாதவிடாய் இப்போது மாதாமாதம் சரியாக வருகிறதாம். வீட்டில் பெரியவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். முயற்சி செய்யலாமா, என்ன சாப்பிட வேண்டும் என்பது கேள்வி.

இப்போது வேண்டாம். ஆபரேஷனிலிருந்து 12 முதல் 18 மாதம் என்பதுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. உங்களுக்கு நாலு மாதமாவது பாக்கி இருக்கிறது. ஆனால் காலண்டரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எடை இறங்குவது நின்று சில மாதம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், ரத்த ரிப்போர்ட்டும் சரியாக இருக்க வேண்டும். இரண்டாவதில்தான் நான் கோட்டை விட்டேன்.

நான் டாக்டர் இல்லை, இதைக் கடந்து வந்தவள், அவ்வளவுதான். எனக்கு 29 வயதில் ஆபரேஷன். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 110 கிலோ, கூடவே பிசிஓடி என்னும் சினைப்பை நீர்க்கட்டி. எனக்குச் செய்தது ஸ்லீவ் இல்லை, பைபாஸ். (பைபாஸ் என்று கேள்விப்பட்டதும் ஊரிலிருந்து பெரியம்மா, "இந்த வயசுல நெஞ்சு ஆபரேஷனாடி?" என்று அழுதுகொண்டே போன் செய்தார். இது இரைப்பைக்கு என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.)

எதற்காகக் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. தழும்பு ஆறத்தான் என்று நினைத்தேன். அது சில வாரத்தில் ஆறிவிடும். விஷயம் வேறு. முதல் வருஷம் உடம்பு சேமிப்பைக் கரைத்துத்தான் ஓடுகிறது. ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். சாப்பாட்டின் அளவு குறைவது ஒரு பக்கம் என்றால், இரும்புச்சத்தையும் பி12-ஐயும் உடம்பு எடுத்துக்கொள்ள உதவும் அமிலமும் சுரப்பும் குறைந்துபோவது இன்னொரு பக்கம். பைபாஸில் இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுகிற முன்சிறுகுடல் வழியாகவே சாப்பாடு போவதில்லை. அந்த நேரத்தில் ஒரு குழந்தை வந்தால், அதற்கு வேண்டியதை உங்கள் எலும்பிலிருந்தும் ரத்தத்திலிருந்தும்தான் எடுக்கும். அப்படியும் போதாமல் எடை குறைந்த குழந்தையாகப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எடை இறங்க ஆரம்பித்த சில மாதத்திலேயே கருமுட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கிவிடும். அதாவது உடம்பில் சத்து நிரம்புவதற்கு முன்பே கரு தங்கும் வாய்ப்பு வந்துவிடுகிறது. "எனக்கெங்கே இயற்கையாகத் தங்கப் போகிறது" என்று பல வருஷம் ஏங்கியவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். என்னோடு ஒரே வாரத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு ஐந்தாம் மாதமே நாள் தள்ளிப்போனது. உங்கள் மாதவிடாய் சரியாகியிருப்பதும் அந்த அறிகுறிதான். அதனால் இந்த இடைவெளிக்கு ஒரு பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். கருத்தடை மாத்திரையை நம்பாதீர்கள் என்று எனக்குச் சொன்னார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அது சரியாக உடம்பில் சேராமல் போகலாம், வாந்தி எடுத்தால் யாருக்குமே சேராது. நான் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொண்டேன். எடுத்தவுடன் முயற்சி செய்யலாம் என்பது அதில் வசதி.

ஒருவேளை இதைப் படிக்கும் யாருக்காவது வருஷம் முடிவதற்குள் தங்கிவிட்டால் பயந்துவிட வேண்டாம், கலைக்கும் எண்ணத்துக்கும் அவசரப்பட்டுப் போக வேண்டாம். உடனே மகப்பேறு மருத்துவரிடமும் ஆபரேஷன் செய்த டாக்டரிடமும் சொல்லுங்கள். மேலே சொன்ன பெண்ணுக்கு நல்லபடியாகவே பிரசவமானது. கூடுதலாக ஊசியும் ஸ்கேனும் தேவைப்பட்டன, அவ்வளவுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஆறாம் மாதம் வரை மாத்திரை டப்பாவில் காலை, மதியம், இரவு என்று பிரித்துப் போட்டு ஒழுங்காக விழுங்கினேன். அப்புறம் உடம்பு லேசாகிவிட்டது, படியேறினால் மூச்சு வாங்கவில்லை, எல்லாரும் "ஆளே மாறிட்ட" என்றார்கள். மாத்திரை மெல்ல நின்றுபோனது. பதின்மூன்றாம் மாதம் எடை 72-ல் நின்றது. காப்பர் டியை எடுத்துவிடலாம் என்று போனேன். டாக்டர் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 11.4 இருந்ததைப் பார்த்து, பரவாயில்லை என்று ரிப்போர்ட்டை மடிக்கப் போனேன். அவர் அடுத்த வரியில் விரலை வைத்தார். ஃபெரிட்டின் 6. பி12 170. "பர்ஸ்ல காசு இருக்கு, பேங்க்ல இல்ல" என்றார். ஹீமோகுளோபின் கைச்செலவுப் பணம், ஃபெரிட்டின் உடம்பில் உள்ள இரும்புச்சத்தின் சேமிப்பு. கர்ப்பம் கைவைப்பது சேமிப்பில்தான். இரும்புச்சத்தை டிரிப்ஸாக ஏற்றினார்கள், பி12-க்கு ஊசி போட்டார்கள். ஐந்து மாதம் தள்ளிப்போனது.

நீங்கள் இந்த வாரமே எடுக்க வேண்டிய பரிசோதனைகள் இவை: ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், விட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின். விட்டமின் ஏ-யும் பார்க்கச் சொல்வார்கள். கர்ப்பமான பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இதையே திரும்ப எடுக்க வேண்டும்.

மாத்திரையில் கவனிக்க வேண்டியதை என் அனுபவத்தில் சொல்கிறேன், அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கால்சியத்தில் சிட்ரேட் வகை நல்லது, கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், நமக்கு அது குறைவு. ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் என்பார்கள், அதையும் ஒரே தடவையில் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரிக்க வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று மற்றதைத் தடுத்துவிடும். காபி, டீயும் அப்படித்தான். இரும்பு மாத்திரையைக் காலை ஃபில்டர் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னபோது டயட்டீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஃபோலிக் ஆசிட் கரு தங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும், ஏனென்றால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் மூடிக்கொள்வது கரு உருவான முதல் 28 நாளுக்குள், பலருக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியும். சாதாரணமாக 400 மைக்ரோகிராம். பிஎம்ஐ (உயரத்தை வைத்து எடையைப் பார்க்கும் கணக்கு) 30-க்கு மேல் இருந்தாலோ சர்க்கரை இருந்தாலோ 5 மில்லிகிராம் கொடுப்பார்கள். பி12-ஐப் பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் அதிகம் போடக் கூடாது, அது பி12 குறைபாட்டை மறைத்துவிடும். இன்னொன்று, உங்கள் மல்டிவிட்டமின் டப்பாவின் பின்பக்கம் விட்டமின் ஏ எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். ரெட்டினால் என்று இருந்தால் டாக்டரிடம் காட்டி பீட்டா கரோட்டின் உள்ளதாக மாற்றிக்கொள்ளுங்கள். ரெட்டினால் அதிகமானால் கருவுக்கு ஆகாது.

சாப்பாட்டில் புரதம்தான் முதல். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம். கேட்பதற்குச் சின்ன எண்ணாகத் தெரியும், நம் இரைப்பைக்கு அது பெரிய வேலை. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். நான் தட்டில் முதலில் மீனோ கோழியோ முட்டையோ சாப்பிடுவேன், அடுத்து காய், இடம் இருந்தால் மட்டும் சோறு. நம் ஊர்ப் பழக்கத்துக்கு நேர் தலைகீழ். சைவம் என்றால் பனீர், தயிர், சுண்டல், பாசிப்பயறு, கூடவே புரோட்டீன் பவுடர் இல்லாமல் கணக்கு நிரம்பாது. இட்லி மூன்று சாப்பிட்டால் வயிறு நிரம்பிவிடும், புரதம் நிரம்பாது. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி தள்ளிக் குடிக்க வேண்டும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

"ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்பார்கள். முடியாது, தேவையும் இல்லை. கரு தங்கியபோது என் பிஎம்ஐ 29-க்குப் பக்கத்தில். அந்த நிலையில் மொத்தக் கர்ப்பத்திலும் ஏழு முதல் பதினொன்றரை கிலோ கூடினால் போதும் என்றார்கள். எனக்கு எட்டு கூடியது. கூடுகிற எடையைப் பார்த்துப் பழைய உடம்பு திரும்பிவிடுமோ என்று பயந்து சாப்பாட்டைக் குறைக்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் டயட்டீஷியனிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

கர்ப்பத்தில் மூன்று விஷயம் நமக்கு வேறு மாதிரி. மசக்கை வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டால் சும்மா குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளக் கூடாது, அதற்கு முன் பி1 சத்தான தயமின் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூளையைப் பாதிக்கலாம். டியூட்டியில் இருப்பவருக்கு உங்கள் ஆபரேஷன் தெரிந்திருக்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சர்க்கரைப் பரிசோதனை. தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். எனக்கும் நீட்டினார்கள். பைபாஸ் செய்தவள் என்று அட்டையிலேயே எழுதியிருந்தும் யாரும் பார்க்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை, குடித்துவிட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, புடவை நனைகிற அளவுக்கு வேர்த்து, வராந்தா பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டேன். சர்க்கரைத் தண்ணீர் நேராகக் குடலில் கொட்டுவதால் வருவது இது, டம்பிங் என்பார்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம். இதற்கு மாற்று வழி இருக்கிறது: 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் குத்திப் பார்த்து எழுதிக் கொடுப்பது. முன்கூட்டியே கேளுங்கள்.

மூன்றாவது பைபாஸ்காரர்களுக்கு. கருப்பை வளர்ந்து குடலை மேலே தள்ளும்போது உள்ளுக்குள்ளே குடல் சிக்கிக்கொள்ளலாம். மேல்வயிற்றில் விட்டுவிட்டு வரும் கடுமையான வலியை வாயு என்று ஓம வாட்டர் குடித்துச் சமாளிக்காமல் உடனே அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றபடி ஆபரேஷன் ஆனதாலேயே சிசேரியன் என்று இல்லை. கடைசி மூன்று மாதம் குழந்தை வளர்ச்சிக்கு மாதாமாதம் ஸ்கேன் பார்த்தார்கள். எனக்குச் சுகப்பிரசவம், குழந்தை 2.7 கிலோ. பால் கொடுக்கும்போதும் மாத்திரை நிற்கக் கூடாது, நமக்கு பி12 குறைந்தால் பாலிலும் குறையும்.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். நான் விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஃபெரிட்டின் 6 வந்ததும் அடுத்த தடவை அத்தையையும் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டேன். அந்த பேங்க் கணக்கை அவர் அத்தைக்கும் சொன்னார். அன்று சாயங்காலம் இரும்பு மாத்திரை போட்டுவிட்டு டீ டம்ளரைக் கையில் எடுத்தேன். "ரெண்டு மணி நேரம் ஆகல" என்று அத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.