அப்பத்தா கொடுக்கும் இட்லியும் ஒரு வெள்ளை முயலும்

கேள்வி: மகன் ஆசைப்பட்டான் என்று போன வருஷம் ஒரு வெள்ளை முயல் வாங்கினோம். இப்போது 3.4 கிலோ இருக்கிறது. யார் பக்கத்தில் போனாலும் முன்னங்காலைத் தூக்கி நின்று தீனி கேட்கிறது. கிண்ணத்தில் பெல்லட் என்கிற குச்சித் தீவனம் எப்போதும் கிடக்கும். அதுபோக என் மாமியார் காலையில் இட்லி, சாயங்காலம் பிஸ்கட், நடுவில் கேரட் என்று கொடுத்துக்கொண்டே இருக்கிறார். ஒரு வாரமாகப் புழுக்கை களி மாதிரி பின்பக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஒருவேளை மட்டும் தீனி போட்டு, மற்ற நேரம் பட்டினியாக விடலாமா?
- விளாங்குடி வாசகி

பதில்: பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள் அம்மா. நாய்க்கு ஒருவேளை தவறினால் ஒன்றும் ஆகாது. முயலுக்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் உட்கார்ந்திருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பிராணி அது.

எடையை வைத்து மட்டும் குண்டு என்று சொல்லிவிட முடியாது. கொடைக்கானல் மன்னவனூர் பண்ணையில் வளர்க்கிற ஒயிட் ஜெயன்ட் மாதிரி பெரிய இனம் என்றால் 3.4 கிலோ சாதாரணம். கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். விரல்களை நீட்டி உங்கள் புறங்கையைத் தடவுங்கள், எலும்பு லேசாகத் தட்டுப்படும். முயலின் விலா அப்படி இருந்தால் சரி. உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது.

ஆனால் எடையைவிட அந்தக் களிதான் எனக்குக் கவலை. முயல் இரண்டு விதமாகக் கழியும். ஒன்று நாம் பார்க்கிற உருண்டைப் புழுக்கை. இன்னொன்று சின்னத் திராட்சைக் கொத்து போல மென்மையாக வருவது. அதில் சத்து இருப்பதால், பெரும்பாலும் இரவிலோ விடிகாலையிலோ, கீழே விழுமுன் தானே வாய் வைத்துத் தின்றுவிடும். அருவருப்பு வேண்டாம், மாடு அசை போடுவதற்கு இது முயலின் மாற்று. இட்லி, பிஸ்கட் போன்ற மாவும் இனிப்பும் சேரச் சேர இந்த இரண்டாவது வகை குழைந்துபோகும். உடம்பு பருத்தால் குனிந்து எடுக்கவும் முடியாது. அப்புறம் பின்பக்கம்தான் அப்பும். நம்மூர் வெயிலில் ஈ அங்கே முட்டையிட்டால், ஒரே நாளில் புழு வைத்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால் தினமும் இரண்டு வேளை வாலைத் தூக்கிப் பாருங்கள். ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்திவிடுங்கள். இட்லியை நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் களி நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, தீனிக்கு வருகிறேன். புல்லுக்கு அளவே வேண்டாம், ராத்திரியிலும் கூண்டில் புல் இருக்க வேண்டும். முயலின் பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்தால்தான் தேயும். புல் தின்று குண்டான முயலை நான் இதுவரை பார்த்ததில்லை. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலும் பிள்ளையார் கோயில் வாசலிலும் அறுகம்புல் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். மீனாட்சி கோயில் முக்குறுணிப் பிள்ளையாருக்குச் சதுர்த்தியன்று கொழுக்கட்டை, உங்கள் முயலுக்கு அவர் சூடுகிற புல் மட்டும் போதும். அலசி, நிழலில் ஈரம் போக உலர்த்திப் போடுங்கள். கம்பு நேப்பியர் என்கிற தீவனப்புல்லும் நல்லது. மாடியிலோ கொல்லையிலோ இடம் இருந்தால் நட்டுக்கொள்ளலாம், திருப்பரங்குன்றத்தில் இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் நடுவதற்கான தண்டுத் துண்டு, அதாவது கரணை பற்றிக் கேட்டுப் பாருங்கள். வைக்கோல் கொறிக்க ஆகும், அதையே சாப்பாடாக்காதீர்கள்.

பெல்லட்டுக்குத்தான் கணக்கு வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் போகக் கூடாது. விலா மெத்தென்று இருந்தால் உங்கள் முயலுக்கு 60 கிராமில் நிறுத்தி, இரண்டாகப் பிரித்து வையுங்கள். அதையும் ஒரே நாளில் குறைக்காமல் இரண்டு மூன்று வாரத்தில் இறக்குங்கள். வாரம் ஒருமுறை தெருமுனைக் காய்கறிக் கடைத் தராசில் கூடையோடு நிறுத்துப் பார்க்கலாம். வாரத்துக்கு 30, 40 கிராம் இறங்கினால் போதும். அதற்கு மேல் இறங்கினால் அவசரப்படுகிறீர்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.

மாமியார் விஷயம். “கொடுக்காதீங்க” என்று சொன்னால் கேட்க மாட்டார், நீங்கள் ஆபீஸ் போன பிறகு இட்லி உள்ளே போய்விடும். கொடுக்கிற கை கொடுக்கட்டும், பொருளை மாற்றுங்கள். முள்ளங்கி வாங்கும்போது கடைக்காரர் கிள்ளிப் போடுகிற இலையைக் கேட்டு வாங்கி வந்து, கொத்தமல்லி, புதினாவோடு அவர் கையில் கொடுங்கள். காலை ஒரு கைப்பிடி, மாலை ஒரு கைப்பிடி. முருங்கைக்கீரை எப்போதாவது ஒரு கொத்து போதும். கேரட் தினமும் வேண்டாம், அதில் சர்க்கரை அதிகம். வாரத்தில் இரண்டு நாள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. புதுக்கீரை எதுவானாலும் முதல் நாள் இரண்டு இலையோடு நிறுத்திவிடுங்கள்.

முதல் பத்து நாள் முயல் கிண்ணத்தைப் பல்லால் கவ்வி உருட்டும், கூண்டுக் கம்பியைக் கடிக்கும். எதிரில் புல் குவிந்திருந்தால் அது பசி இல்லை, பிஸ்கட் ஏக்கம். அந்த பிஸ்கட் டப்பாவை அடுத்த அறைக்கு மாற்றிவிடுங்கள், மூடி திறக்கிற சத்தம் இதற்குள் அதற்குப் பழகியிருக்கும்.